ஈவ் ஆன்லைனில் முதல் சண்டைக்குப் போகுமுன்: புதியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஐஸ்லாந்தில் இருக்கும் சிசிபி நிறுவனம் 2003 மே மாதம் வெளியிட்ட விண்வெளி விளையாட்டு ஈவ் ஆன்லைன். சீனாவுக்கு மட்டும் தனி சர்வர், மற்ற நாட்டுக்காரர்கள் எல்லாரும் ஒரே சர்வரில் ஒட்டுக்கா ஆடுகிறோம். இதில் உங்கள் கப்பல் வெடித்தால் வெடித்ததுதான், திரும்ப வராது, புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டும். அதனாலேயே இங்கே பல்லடம், திருப்பூர், ஈரோடு பக்கத்தில் எங்களோடு ராத்திரியில் ஆட வரும் தம்பிகள் இரண்டு மூன்று மாதம் விண்கல் வெட்டி இஸ்க் (விளையாட்டுக்குள் ஓடும் பணம்) சேர்ப்பார்கள், ஆனால் இன்னொரு ஆளோடு சண்டை என்றதும் பின்வாங்கி விடுவார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எல்லாம் சின்னக் கப்பலில் முதல் மாதம் சண்டை போடப் போகிறவர்களுக்கு.

அண்ணா, ஸ்கில் எல்லாம் ஏறட்டும், ஆறு மாதம் கழித்து சண்டைக்குப் போகலாமா?

வேண்டாம். இந்த வாரமே போங்கள். ஸ்கில், அதாவது எந்தக் கப்பலை, எந்தப் பாகத்தைப் பயன்படுத்தலாம் என்பதற்கான தகுதி, நீங்கள் தூங்கும்போதும் ஏறிக்கொண்டிருக்கும், எதிரில் இருக்கும் கப்பல் எவ்வளவு தூரத்தில் இருந்தால் நமக்கு நல்லது என்று கண்ணால் பார்த்ததும் புரிகிற பழக்கம் மட்டும் தூக்கத்தில் வராது. அது அடிபட்டுத்தான் வரும். ஆறு மாதம் காத்திருந்து பெரிய கப்பல் வாங்கிக்கொண்டு போகிறவனுக்கும் அந்த முதல் இருபது தோல்வி பாக்கிதான், என்ன, அவனுடைய தோல்வி ஒவ்வொன்றும் நூறு மடங்கு விலை.

பணம் கட்டாமல் ஆடும் ஆல்ஃபா கணக்கே இதற்குப் போதும். 2016 நவம்பரில் இருந்து அந்த வசதி இருக்கிறது. இலவசமாக 50 லட்சம் ஸ்கில் புள்ளி வரை ஏறும். ஃப்ரிகேட் என்ற சின்ன ரகச் சண்டைக் கப்பலை ஓட்டி ஒருவரை வீழ்த்த அதில் பாதி கூடத் தேவையில்லை. ஒரே ஒரு நிபந்தனை, வரும் புள்ளிகளைக் கண்ட இடத்தில் சிதறவிடக் கூடாது. ஒரு வகைக் கப்பல், அதற்கான துப்பாக்கி, அப்புறம் கேடயம், மின்சக்தி, ஓட்டம் இவற்றுக்கான அடிப்படை ஸ்கில்கள். கல் வெட்டும் ஸ்கில்லை அப்படியே நிறுத்தி வையுங்கள்.

முதல் கப்பல் எது வாங்குவது?

நான் எல்லாருக்கும் மெர்லின் என்றுதான் சொல்கிறேன். ரிஃப்டர், இன்கர்சஸ் என்ற மற்ற ஃப்ரிகேட்டுகள் பிடித்தவர்கள் அதை எடுக்கலாம், தப்பில்லை. மெர்லினைச் சொல்வதற்குக் காரணம், பாகங்கள் மாட்டும் நடு வரிசையில் அதற்கு நான்கு இடம் இருக்கிறது. ஒன்றில் நம் வேகத்தைக் கூட்டும் ஆஃப்டர்பர்னர், ஒன்றில் எதிரியை ஓடவிடாமல் பிடிக்கும் ஸ்க்ராம், ஒன்றில் அவன் வேகத்தைக் குறைக்கும் வெப், ஒன்றில் கேடயத்தைத் தடிமனாக்கும் எக்ஸ்டெண்டர். மேல் வரிசையில் மூன்று பிளாஸ்டர், கிட்டத்தில் அடிக்கும் துப்பாக்கி. ஓடவிடாமல் பிடிப்பது, வேகத்தைக் குறைப்பது, அடி தாங்குவது, அடிப்பது, நான்கும் ஒரே கப்பலில் கிடைக்கிறது. ஏதாவது தப்பாகப் போனால் எந்தப் பாகத்தை எப்போது அழுத்தவில்லை என்று புதியவரே கண்டுபிடித்துவிடலாம்.

ஒன்றை வாங்காதீர்கள், பத்து வாங்குங்கள். பத்தும் அச்சு அசலாக ஒரே மாதிரி. முதல் இரண்டு மூன்று போனதும் "இந்தக் கப்பல் சரியில்லை, வேறு பார்க்கலாம்" என்று மனது சொல்லும். கேட்காதீர்கள். கப்பலை மாற்றிக்கொண்டே இருந்தால் தப்பு கப்பலிலா கையிலா என்று கடைசி வரை தெரியவே தெரியாது. வாங்குமுன் விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் ஃபிட்டிங் சிமுலேஷனில் எல்லாப் பாகமும் பொருந்துகிறதா, மின்சக்தி எத்தனை நேரம் தாங்குகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே பைஃபா என்று ஓர் இலவச மென்பொருளும் இருக்கிறது.

பணம் எவ்வளவு ஆகும்?

பாகங்களோடு சேர்த்து ஒரு மெர்லின் சில மில்லியன் இஸ்க்தான். சாதாரண மிஷன்கள் ஓட்டினாலே ஒரு மாலையில் பல கப்பலுக்குச் சேர்ந்துவிடும். எங்கள் கணக்கு எளிது. கையில் இருக்கும் இஸ்க்கில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் விலையுள்ள கப்பலைச் சண்டைக்கு எடுத்துப் போகக் கூடாது. போனாலும் அன்றைக்கே இன்னொன்றில் ஏறி வெளியே வர முடிய வேண்டும், அவ்வளவுதான்.

நிஜப் பணம் கொடுத்து பிளெக்ஸ் வாங்கி, அதை விற்ற இஸ்க்கில் பெரிய கப்பல் எடுக்கலாமா என்று படிக்கிற பையன்கள் கேட்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். வீட்டில் கொடுத்த காசு அரை நிமிடத்தில் வெடித்துப் போனதைப் பார்த்துவிட்டு விளையாட்டையே விட்டுப் போன ஒரு நல்ல பையனை எனக்குத் தெரியும். நல்ல கண் இருந்தது அவனுக்கு, இருந்திருந்தால் இன்றைக்கு எங்களுக்கு அவன்தான் வழி காட்டிக்கொண்டிருப்பான்.

கப்பல் போனால் நானும் செத்துவிடுவேனா?

கப்பல் வெடித்ததும் நீங்கள் முட்டை மாதிரி ஒரு கேப்சூலில் மிதப்பீர்கள். அதையும் உடைத்தால், நீங்கள் பதிவு செய்து வைத்த நிலையத்தில் புது உடம்போடு எழுவீர்கள். ஸ்கில் புள்ளி குறையாது. 2014 வரை அதற்குத் தனியாகப் பணம் கட்டி வைக்க வேண்டியிருந்தது, இப்போது அந்தத் தொல்லை இல்லை. திறனைக் கூட்டத் தலையில் மாட்டிய இம்பிளாண்ட் மட்டும் போய்விடும், அதனால் விலையுயர்ந்த இம்பிளாண்டோடு சண்டைக்குப் போகாதீர்கள். கப்பல் வெடிக்கப் போகிறது என்று தெரிந்ததுமே ஒரு கிரகத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கே அதிவேகத்தில் பாய வைக்கும் வார்ப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருங்கள். லோசெக் என்ற காவல் குறைந்த பகுதியில் பெரும்பாலும் கேப்சூல் தப்பிவிடும்.

லோசெக், ஹைசெக் என்றெல்லாம் சொல்கிறார்களே, எங்கே சண்டை போடலாம்?

ஒவ்வொரு நட்சத்திர மண்டலத்துக்கும் ஒரு பாதுகாப்பு எண் உண்டு. 0.5 முதல் 1.0 வரை ஹைசெக். அங்கே காரணமில்லாமல் ஒருவரை அடித்தால் கான்கார்டு என்ற காவல் படை வந்து அடித்தவரின் கப்பலை அழித்துவிடும். கவனியுங்கள், அது தண்டிக்கத்தான் வரும், காப்பாற்ற வராது. அது வந்து சேர்வதற்குள் உங்களை முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டு, தன் கப்பலையும் இழக்கத் தயாராக வருகிறவர்கள் இருக்கிறார்கள். 0.1 முதல் 0.4 வரை லோசெக், அங்கே கான்கார்டு இல்லை, ஆனால் ஒரு மண்டலத்தில் இருந்து இன்னொன்றுக்குத் தாண்டும் கேட் பக்கமும் நிலையத்துப் பக்கமும் காவல் துப்பாக்கிகள் நிற்கும், முதலில் கை வைத்தவரைச் சுடும். 0.0-வும் அதற்குக் கீழும் நல்செக். அங்கேயும், கேட் இல்லாமல் துளை வழியே போகிற வார்ம்ஹோலிலும் கேட்க நாதியில்லை.

புதியவர்களுக்கு நல்ல இடம் லோசெக்கில் நடக்கும் ஃபேக்ஷன் வார்ஃபேர். ஒரு பேரரசின் படையில் சேர்ந்துகொண்டால் எதிர்ப்படைக்காரரை அடிப்பதற்கு எந்தத் தண்டனையும் கிடையாது. அங்கே இருக்கும் சிறிய சண்டைக்களங்களுக்குள் ஒரு முடுக்கு வாசல் வழியாகத்தான் நுழைய முடியும், ஆகச் சிறிய களத்துக்குள் அந்த வாசல் ஃப்ரிகேட்டை மட்டும்தான் விடும். எதிரி அதைவிடப் பெரிய க்ரூசரில் வந்து மிதித்துவிடுவானோ என்ற பயம் இல்லாமல் ஆடலாம்.

பாதுகாப்புப் பொத்தான் பச்சையா, மஞ்சளா, சிவப்பா?

ஹைசெக்கில் எப்போதும் பச்சை. சட்டத்துக்கு மாறான எதையும் அது தடுத்துவிடும். மற்ற நிறங்களைப் பழகியவர் யாராவது கூட இருக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்க்ராம், டிஸ்ரப்டர் இரண்டும் ஓடவிடாமல் பிடிக்கத்தானே, என்ன வித்தியாசம்?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் சின்னக் கப்பல் சண்டையின் உயிரே இங்கேதான் இருக்கிறது.

முதல் நிலை டிஸ்ரப்டர் 20 கிலோமீட்டர் எட்டும், இரண்டாம் நிலை 24. எதிரியை வார்ப் ஆக விடாது, அவ்வளவுதான் அதன் வேலை. ஸ்க்ராம் முதல் நிலை 7.5 கிலோமீட்டர், இரண்டாம் நிலை 9. பிடி கிட்டத்தில்தான், ஆனால் முரட்டுப் பிடி, எதிரிக்குப் பல மடங்கு வேகம் கொடுக்கும் மைக்ரோவார்ப்டிரைவையும் அணைத்துவிடும். காற்றாகப் பறந்துகொண்டிருந்த கப்பல் அந்த நொடியே மாட்டு வண்டி வேகத்துக்கு வந்துவிடும். ஆஃப்டர்பர்னரை மட்டும் ஸ்க்ராமால் அணைக்க முடியாது. வெப் 10 கிலோமீட்டர் எட்டும், முதல் நிலையே வேகத்தைப் பாதியாக்கிவிடும்.

ஆக, எதிரி இரண்டு வகை. ஒட்டி நின்று அடிப்பவன் மல்லுக்கட்டுகிறவன். எட்ட நின்று அடிப்பவன் சிலம்பக்காரன், அவனுடைய கம்பு நீளத்துக்கு உள்ளே நீங்கள் போகிற வரைக்கும் அவன் ராஜா, உள்ளே போய்விட்டால் கம்பு இருந்தும் பிரயோஜனமில்லை. யார் எந்த வகை என்று சண்டைக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும், நடுவில் யோசிக்க நேரம் இருக்காது.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். சண்டைக்களத்துக்குள் மெர்லினில் நின்றுகொண்டிருந்தேன், வந்து இறங்கும் இடத்தில் இருந்து ஒரு 25 கிலோமீட்டர் தள்ளி, சும்மா மிதந்தபடி. ஒரு கெஸ்ட்ரல் உள்ளே வந்தது. அது ஏவுகணைக் கப்பல். வந்தவர் என்னைப் பார்த்துவிட்டு நெருங்கவே இல்லை. 20 கிலோமீட்டரில் சுற்றிக்கொண்டு டிஸ்ரப்டரைப் போட்டார். என் பிளாஸ்டர் எட்டுவது மூன்று நான்கு கிலோமீட்டர். அவரை நோக்கி ஓடினேன், 19, 18, மறுபடி 20. அவர் மைக்ரோவார்ப்டிரைவில், நான் ஆஃப்டர்பர்னரில், எப்படிப் பிடிப்பது? கேடயம் மெதுவாகக் கரைந்தது, ஒரு குண்டு கூட அவர் மேல் படவில்லை. தோட்டா மாற்றிப் பார்த்தேன், திசை மாற்றிப் பார்த்தேன், அதெல்லாம் வீண் வேலை. அந்தச் சண்டை நான் 25 கிலோமீட்டர் தள்ளி நின்றபோதே முடிந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து அதே மண்டலம், மறுபடியும் ஒரு கெஸ்ட்ரல். இந்தத் தடவை இறங்கும் இடத்தின் மேலேயே பூஜ்யத்தில் நின்றேன். வாசலைத் தாண்டி வருகிறவர் என் மடியில்தான் வந்து விழுந்தாக வேண்டும். விழுந்தார். லாக் (அவர் மேல் குறியைப் பூட்டுவது), ஸ்க்ராம், வெப், அப்புறம் துப்பாக்கி, இதே வரிசையில். அவர் மைக்ரோவார்ப்டிரைவைப் போட்டுப் பார்த்தார், அது அணைந்தது. நான் 500 மீட்டரில் ஒட்டிக்கொண்டேன். அரை நிமிடம் கூட ஆகவில்லை. அதே மெர்லின், அதே பாகங்கள், நின்ற இடம் மட்டும்தான் வேறு.

டி-ஸ்கேன் எதற்கு? லோக்கல் பட்டியலைப் பார்த்தால் போதாதா?

லோக்கல் பட்டியல் மண்டலத்துக்குள் யார் இருக்கிறார் என்று மட்டும் சொல்லும். எந்தக் கப்பலில், எங்கே என்று சொல்லாது. வார்ம்ஹோலில் அதுவும் கிடையாது, யாராவது வாய் திறந்து பேசினால்தான் பெயரே தெரியும். டி-ஸ்கேன் உங்களைச் சுற்றி 14.3 வானியல் அலகு தூரம் வரைக்கும் இருக்கும் கப்பல்களைப் பெயரோடு காட்டும். மறைந்து வரும் கப்பல் மட்டும் அதில் தெரியாது.

லோசெக்கில் நுழைந்ததில் இருந்து சில நொடிக்கு ஒருமுறை கை தானாக அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் 360 பாகையில் ஒருமுறை, யார் யார் இருக்கிறார்கள் என்று. அப்புறம் கோணத்தைக் குறுக்கி, கேமராவை ஒவ்வொரு களத்தின் பக்கமும் திருப்பி அழுத்தினால், அந்த ரிஃப்டர் எந்தக் களத்தில் இருக்கிறது என்று பிடித்துவிடலாம். களத்துக்குள் நின்று காத்திருப்பவருக்கு இன்னும் முக்கியம். வாசலில் ஒரு கப்பல் தெரிந்தால் அது உள்ளே வரப் போகிறது. சண்டை வேண்டுமா, போய்விடலாமா என்று முடிவு செய்ய உங்களுக்கு அந்தச் சில நொடிதான்.

கப்பல் பெயர் தெரிந்ததும் ஆளையும் பாருங்கள். கண்ணபுரம் சந்தையில் காளையைப் பல் பிடித்துப் பார்க்காமல் யாராவது விலை பேசுவார்களா? ஸீகில்போர்டு என்ற தளத்தில் அவர் பெயரைப் போட்டால், இதற்கு முன் எந்தக் கப்பலில் எதை மாட்டிக்கொண்டு தோற்றார் என்பது வரைக்கும் இருக்கும். எப்போதும் தனியாக ஜெயிக்கிறாரா, அவருடைய சண்டையில் எல்லாம் கூட நான்கு பேர் வருகிறார்களா என்பதும் தெரிந்துவிடும்.

கேட் தாண்டியதும் அடித்துவிடுகிறார்கள், என்ன செய்வது?

இட்டேரியில் போயிருக்கிறீர்கள்தானே. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, வண்டி திரும்ப இடமில்லை, முனையில் ஆள் நின்றால் போய் மாட்டுவதைத் தவிர வழியில்லை. கேட் அப்படித்தான். எல்லாரும் அதன் வழியாகத்தான் வர வேண்டும் என்பதால் அங்கேயே கூட்டமாக நிற்பார்கள்.

தாண்டி வந்ததும் 60 நொடி நீங்கள் யார் கண்ணுக்கும் தெரிய மாட்டீர்கள், நகராமல் இருக்கும் வரை. பதறி எதையும் அழுத்தாதீர்கள். அந்த நேரத்தில் சுற்றி யார், என்ன கப்பல், எவ்வளவு தூரம் என்று பாருங்கள். ஆள் குறைவாக இருந்தால் எந்தப் பக்கம் காலியோ அந்தப் பக்கம் இருக்கும் கிரகத்துக்கு வார்ப். கப்பல் அந்தத் திசைக்குத் திரும்பி அதன் முழு வேகத்தில் முக்கால் பங்கு வந்தால்தான் வார்ப் பிடிக்கும், அதனால்தான் சின்னக் கப்பல் தப்பிக்கிறது, பெரிய கப்பல் மாட்டுகிறது. கூட்டமாக இருந்தால் வந்த கேட்டுக்கே திரும்ப ஓடித் தாண்டிவிடுங்கள். ஆனால் ஒரு விஷயம், நீங்கள் யாரையாவது சுட்டிருந்தால் 60 நொடிக்கு கேட்டும் திறக்காது, நிலையத்துக்குள்ளும் போக முடியாது. தப்பி ஓடுவது என்று முடிவு செய்தால் துப்பாக்கியைத் தொடவே கூடாது.

எந்தத் தோட்டா போடுவது?

கேடயம் பொதுவாக மின்காந்த அடிக்கும், கவசம் வெடிப்பு அடிக்கும் தாங்காது. ஏவுகணைக்காரர்கள் அடியின் வகையை மாற்றிக்கொள்ளலாம். மெர்லினின் பிளாஸ்டருக்கு அந்தத் தேர்வு இல்லை, கிட்டத்துக்கு ஒன்று, சற்று எட்டத்துக்கு ஒன்று என்று இரண்டு வகை எடுத்துப் போனால் போதும்.

நம் ஊர் நெட்டுக்கு சர்வர் ரொம்ப தூரமாச்சே?

சர்வர் லண்டனில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் இது துப்பாக்கி விளையாட்டு மாதிரி இல்லை. சர்வர் நொடிக்கு ஒருமுறைதான் கணக்குப் போடுகிறது, அதனால் நம் இணைப்பின் கால் நொடித் தாமதம் உங்களைத் தோற்கடிக்காது. தினமும் நம் நேரம் மாலை 4:30-க்கு, சரியாக டீ குடிக்கிற நேரத்துக்கு, பராமரிப்புக்காக சர்வரை நிறுத்துவார்கள். ஐரோப்பாக்காரர்கள் வேலை முடிந்து வரும்போது இங்கே ராத்திரி 11 தாண்டிவிடும். ஆட்கள் நிறைய கிடைப்பது அப்போதுதான். மறுநாள் முதல் ஷிப்ட் இருப்பவர்கள் வெள்ளிக்கிழமை, சனிக்கிழமை ராத்திரியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

தாமதத்தை விட எனக்குப் பெரிய கவலை கரண்ட். சண்டை நடுவில் இணைப்பு போனால் கப்பல் மறைந்துவிடும் என்று நினைக்காதீர்கள். யாரோடாவது சண்டை தொடங்கியிருந்தால் 15 நிமிடம் கப்பல் வெளியிலேயே நிற்கும், தேடி வந்து அடிப்பார்கள். போன கோடையில் மழைக்கு முந்தின காற்றில் கரண்ட் போய், கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ் இருந்தும் ரவுட்டர் அணைந்து, ஜெயித்துக்கொண்டிருந்த சண்டையை இழந்தேன். ரவுட்டரையும் யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள். போனில் ஹாட்ஸ்பாட்டைத் தயாராக வையுங்கள், இந்த விளையாட்டுக்கு அதிக டேட்டா செலவாகாது.

தனியாகப் போவதா, கூட்டத்தோடு போவதா?

இரண்டும் வேண்டும். தனியாகப் போனால் உங்கள் தப்பு உங்களுக்குத் தெரியும். கூட்டத்தோடு போனால் கற்றுக்கொள்ள ஆள் கிடைப்பார்கள். 2004-இல் இருந்து புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காகவே ஈவ் யுனிவர்சிட்டி என்று ஆட்டக்காரர்கள் நடத்தும் ஓர் அமைப்பு இருக்கிறது, அவர்களுடைய பாடங்கள் அருமை.

கூட்டத்தில் புதியவருக்கு வேலை இருக்காது என்று நினைக்காதீர்கள். ஒரு பெரிய கப்பலை முதலில் ஓடிப் போய்ப் பிடித்து நிறுத்துவது மலிவான ஃப்ரிகேட்டில் வரும் புதியவர்தான். பிடித்ததும் குரல் வழியில் "பாயிண்ட்" என்று சொல்லி, எதிரியின் பெயரையும் சொல்ல வேண்டும். வேறு பேச்சு வேண்டாம். நாங்கள் தமிழில்தான் பேசிக்கொள்கிறோம், ஆனால் இந்த ஒரு சொல் மட்டும் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

ஆயிரக்கணக்கான பேர் மோதும் பெரிய போரைப் பார்க்க முடியுமா?

முடியும். 2014 ஜனவரி 27, 28-இல் பி-ஆர்5ஆர்பி என்ற மண்டலத்தில் ஏறக்குறைய 21 மணி நேரம் நடந்த போரில் ஆகப் பெரிய ரகக் கப்பல்களான டைட்டன்கள் 75 அழிந்தன, ஓர் இடத்துக்கான கட்டணம் சரியாகக் கட்டப்படாமல் போனதில் தொடங்கியது அது. அவ்வளவு பேர் கூடும்போது சர்வர் நேரத்தையே பத்தில் ஒரு பங்கு வேகத்துக்கு மெதுவாக்கும். பார்க்க வேண்டிய விஷயம்தான், ஆனால் ஒட்டிப் பிடித்துச் சண்டை போடுவதை அங்கே கற்றுக்கொள்ள முடியாது.

சண்டை தொடங்கியதும் கை நடுங்குகிறது, எதை அழுத்துவதென்றே தெரியவில்லை.

எல்லாருக்கும் நடுங்கும். எனக்கு முதல் இருபது சண்டைக்கு மேல் நடுங்கியது, நெஞ்சு அடித்துக்கொள்வது காதில் கேட்கும். இழப்பது நிஜம் என்பதால் உடம்பும் நிஜமாகவே பதில் சொல்கிறது, இந்த விளையாட்டின் மேல் எனக்கு இவ்வளவு பிரியம் இருப்பதற்கும் அதுதான் காரணம்.

நடுக்கத்தை நிறுத்த முயலாதீர்கள், நடுங்கும் கைக்கு வேலையைக் குறைத்துக் கொடுங்கள். ஸ்க்ராம், வெப், துப்பாக்கி மூன்றும் எல்லாக் கப்பலிலும் அதே விசைகளில் இருக்கட்டும். சுற்றி இருப்பவற்றைப் பட்டியலிடும் ஓவர்வியூவில் சண்டைக்கென்று ஒரு தனித் தாவல் வைத்து, கிரகம், நிலவு, குப்பை எல்லாவற்றையும் அதில் இருந்து நீக்கிவிடுங்கள். நண்பர் ஒருவரோடு ஹைசெக்கிலேயே டூயல் போட்டு, லாக், ஸ்க்ராம், வெப், துப்பாக்கி என்று ஒரு சாயங்காலம் முழுக்கப் பழகுங்கள். டூயல் அழைப்பை ஏற்றுக்கொண்ட இருவருக்குள் கான்கார்டு வராது. தெரியாத ஆள் அனுப்பும் டூயலை மட்டும் ஏற்காதீர்கள், வேண்டியதை எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் அனுப்புவார்.

தோற்ற பிறகு என்ன செய்ய?

லோக்கலில் "ஜிஎஃப்" என்று எழுதுங்கள், நல்ல சண்டை என்பதற்கு அங்கே அப்படித்தான் சொல்வார்கள். அப்புறம் கப்பல் அழிந்ததும் வரும் அறிக்கையான கில்மெயிலைத் திறந்து, எதிரி என்னென்ன பாகத்தால் அடித்தார் என்று பாருங்கள். புரியவில்லை என்றால் அவரிடமே கேளுங்கள். என்னைக் கெஸ்ட்ரலில் வீழ்த்தியவரிடம் நான் கேட்டேன். பூஜ்யத்தில் நில்லுங்கள் என்று சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். கேட்டு முடித்ததும் இரண்டாவது மெர்லினில் ஏறுங்கள், இன்னும் எட்டு மெர்லின் நிலையத்தில் நிற்கிறது.